லூப் போடும்போது வலியைக் குறைக்க டென்ஸ் மெஷின்: முதல் தடவை பாவிப்பவர்களுக்கு

கருத்தடைக்காக லூப் போடும்போதும், கருப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும்போதும் அடிவயிறு இழுத்துப் பிடிக்கும். 'கொஞ்சம் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருங்க' என்பதோடு நம் பக்கம் பேச்சு முடிந்துவிடுகிறது. டென்ஸ் மெஷின் என்று ஒன்று இருப்பதைப் பலருக்குச் சொல்வதேயில்லை.

தோலில் ஒட்டும் பட்டைகள் வழியாக அது சின்னச் சின்ன மின்துடிப்புகளை அனுப்பும். அந்தக் குறுகுறுப்பு முந்திக்கொண்டு போவதால், வலிச் செய்தி முதுகுத்தண்டிலேயே ஓரளவு தடைபடுகிறது என்பது விளக்கம். இதற்கு அடிப்படையான கொள்கையை மெல்சாக், வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965இல் வெளியிட்டார்கள். ஸ்பெயினில் நடந்து 2017இல் வெளியான ஆய்வொன்றில், கருப்பைக் கேமரா சோதனையின்போது இதைப் பாவித்த பெண்களுக்கு வலி குறைந்தது. குறைந்தது, அவ்வளவுதான். மரத்துப்போகும் மருந்து தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

முதல் வேலை, டொக்டரிடம் கேட்பது. கிளினிக் நாளில் மெஷினோடு போய் நின்றால் பேச நேரம் கிடைக்காது. மிட்வைஃப் மிஸ்ஸிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள், வலிப்பு நோயுள்ளவர்கள், கர்ப்பமாக இருக்கக்கூடும் என்ற சந்தேகம் உள்ளவர்கள் டொக்டர் சொல்லாமல் தொடவே கூடாது. மின்சாரத்தால் சுட்டு எடுக்கும் சிகிச்சை என்றால் பட்டைகளைக் கழற்றிவிட வேண்டும்.

இரண்டு வயர், நான்கு பட்டை உள்ள மெஷின் போதும். பேட்டரியில் ஓடும், கரண்ட் போனாலும் கவலையில்லை.

அடுத்து, வீட்டில் ஒத்திகை. இதை மட்டும் தவிர்க்காதீர்கள். முதுகில் கோடாலித் தைலமோ சித்தாலேபவோ பூசியிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடையுங்கள். எண்ணெய்ப் பசையில் பட்டை ஒட்டாது. கீறல், புண் உள்ள இடம் வேண்டாம். மெஷின் நின்றிருக்கும்போதே ஒட்ட வேண்டும். நம் முதுகு நமக்கு எட்டாது, அக்காவையோ நாத்தனாரையோ கூப்பிடுங்கள். ஒரு வயரின் இரண்டு பட்டைகள் பிரா பட்டிக்குச் சற்றுக் கீழே, முதுகெலும்பின் மேல் படாமல் இரு பக்கமும். மற்ற இரண்டு, இடுப்புக்குக் கீழே தெரியும் இரண்டு குழிகளின் பக்கத்தில். கருப்பையின் வலி மேல்பக்க நரம்புகளிலும், கருப்பை வாயின் வலி கீழ்ப்பக்க நரம்புகளிலும் போவதால்தான் இந்த இரண்டு இடங்கள்.

துடிப்பின் வேகத்தை 80 முதல் 100 ஹேர்ட்ஸுக்குள் (நொடிக்கு அத்தனை துடிப்பு) வைத்து, மின்சாரத்தின் அளவைப் பூஜ்யத்திலிருந்து மெதுவாகக் கூட்டுங்கள். பலமாகக் குறுகுறுக்க வேண்டும், ஆனால் வலிக்கவோ தசை துள்ளவோ கூடாது. கொஞ்ச நேரத்தில் பழகிப்போய் ஒன்றும் தெரியாதது போலிருக்கும். அப்போது இன்னும் ஒரு படி கூட்டலாம்.

அன்றைக்கு சேலையைவிட மேல்சட்டையும் பாவாடையும் வசதி. உள்ளே கூப்பிடுவதற்குச் சற்று முன்பே மெஷினைப் போட்டு, கட்டுப்பாட்டுப் பெட்டியை உங்கள் கையிலேயே வைத்திருங்கள். தாங்க முடியாவிட்டால் 'நிறுத்துங்க டொக்டர்' என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

முடிந்த பிறகும் இழுத்துப் பிடித்தால் கொஞ்ச நேரம் ஓடவிடலாம், தூங்கும்போது மட்டும் வேண்டாம். காய்ச்சல், அதிக இரத்தப்போக்கு, கூடிக்கொண்டே போகும் வலி இருந்தால் மெஷினை நம்பி வீட்டில் இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மேல் தோட்டத்தில் இருப்பவர்கள் பொழுது சாயும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல், சந்தேகம் வந்தவுடனேயே வாகனத்துக்குச் சொல்லிவிடுவது நல்லது.