தெருவிளக்குக் கணக்கு எடுப்பது எப்படி: ஒரு பழைய வயர்மேன் சொல்கிறேன்

எங்கள் ஊர் செங்கோட்டைப் பக்கம். 2015 ஜூனில் மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்டம் வந்தது. படிப்படியாக 100 நகரங்களை எடுத்தார்கள், தமிழ்நாட்டில் 11. கிழக்கே திருநெல்வேலிக்குக் கிடைத்தது. மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்துக்கும் கிடைத்தது. நடுவில் இருக்கிற எங்களுக்குச் சாரல் கிடைத்தது.

அந்த மாதிரி நகரங்களில் தெருவிளக்குப் பெட்டிக்குள் சிம் கார்டு போட்ட கருவி இருக்கும். எந்த லைனில் கரண்ட் குறைகிறது என்று அதுவே ஆபீசுக்குச் சொல்லிவிடும். அது இல்லாத ஊரில் எந்த விளக்கு எரியவில்லை என்று நாமே கணக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு, செல்போன், இரண்டு நாள் நடை போதும்.

முதலில் பகலில் நடங்கள். தெருவின் முனையில் ஆரம்பிக்கக் கூடாது. விளக்குப் போடும் சுவிட்ச் பெட்டி எங்கே என்று தேடி அங்கிருந்து ஆரம்பியுங்கள். வயர் போகிற வழியே நீங்களும் போக வேண்டும். பெட்டி 1, போஸ்ட் 1, போஸ்ட் 2 என்று எழுதிக்கொண்டே வாருங்கள். போஸ்டில் மின்வாரியம் போட்ட எண் அழியாமல் இருந்தால் அதையும் பக்கத்தில் குறியுங்கள். ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், ராத்திரி பார்க்கும்போது 7, 8, 9, 10 வரிசையாக இருட்டாக இருந்தால் நாலு விளக்கும் ஒரே நாளில் கெட்டுப்போகவில்லை. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் வயர் ஜாயின்ட் விட்டிருக்கிறது. தெரு வரிசையில் எழுதினால் இது கண்ணுக்கே தெரியாது.

ஒவ்வொரு போஸ்டின் கீழும் நின்று போனில் மேப்பைத் திறந்து, நீல வட்டம் சுருங்கும்வரை பொறுங்கள். பிறகு அந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் எண்கள் வரும். எங்கள் பக்கம் 8.9, 77.2 என்று தொடங்கும். புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் எழுதுங்கள். நாலோடு நிறுத்தினால் பத்து மீட்டருக்கு மேல் தள்ளிப்போகலாம். மரத்தடியில், மேகம் மூடிய நேரத்தில் போன் சற்றுத் தடுமாறும். அவசரப்படாதீர்கள்.

நான் முதல் தடவை இந்த எண்ணெல்லாம் எதற்கு என்று 'டீக்கடைக்கு எதிர் போஸ்ட்' என்று எழுதிக் கொடுத்தேன். முப்பது வருஷம் போஸ்ட் ஏறினவன் என்ற திமிர். எங்கள் வார்டில் டீக்கடை இரண்டு. ஏணி வண்டி வந்து, நல்லா எரிகிற விளக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

அப்புறம் ராத்திரி ஏழரைக்கு மேல் இரண்டாவது நடை. எரிகிறது, எரியவில்லை, விட்டு விட்டு எரிகிறது என்று மட்டும் குறித்தால் போதும். எல்.இ.டி. கண் சிமிட்டினால் பெரும்பாலும் டிரைவர், அதாவது விளக்குக்கு ஏற்றபடி கரண்டை மாற்றிக் கொடுக்கிற சர்க்யூட், போயிருக்கும், இல்லையென்றால் லூஸ் கான்டாக்ட். மங்கலாக இருந்தால் கிளை மறைக்கிறதா, கண்ணாடிக்குள் பூச்சி நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். சாரல் காலத்தில் மங்கலை நம்பாதீர்கள். மழை விட்ட இன்னொரு நாள் பாருங்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு நடை போனால் இன்னொன்றும் தெரியும்: பகலிலும் எரிகிற விளக்கு. டைமர் நேரம் மாறியிருக்கும், அல்லது யாரோ நேரடியாக இணைத்திருப்பார்கள். 20 வாட் விளக்கு பத்து, பகல் 12 மணி நேரம் எரிந்தால் மாதம் 72 யூனிட். இதைப் பட்டியலின் தலையிலேயே எழுதுங்கள். இருட்டைவிடப் பில்லுக்குச் சீக்கிரம் ஆள் வரும்.

எதையும் தொடாதீர்கள். பெட்டி திறந்து கிடந்தாலும், வயர் தொங்கினாலும் தள்ளி நின்று 94987 94987-க்குப் போன் போடுங்கள். அது பட்டியலில் எழுதிக் காத்திருக்கிற சமாசாரம் இல்லை.

நம் ஊரில் போஸ்ட் வாரியத்துடையது, விளக்கு உள்ளாட்சியுடையது. அதனால் பட்டியலை இரண்டு பிரதி எடுத்து உள்ளாட்சி அலுவலகத்தில் கொடுத்து, ஒன்றில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். நகராட்சியானால் பகுதி சபாவிலும், ஊராட்சியானால் கிராம சபையிலும் வையுங்கள். கிராம சபை வருஷத்துக்கு ஆறு நாள், அதில் ஒன்று நவம்பர் 1. 1956-ல் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு இந்தப் பக்கம் வந்ததும் அதே தேதிதான்! மலையைத் தாண்டினால் தெருவிளக்கை எல்.இ.டி.யாக மாற்றுகிற திட்டத்துக்கு 'நிலாவு' என்று பேர். பேர் வைப்பதில் அவர்களை மிஞ்ச முடியாது.

விளக்கு எரிந்ததும் அந்த வரியை அடிக்காதீர்கள், பக்கத்தில் தேதி போடுங்கள். ஒரே போஸ்ட் ஆறு மாதத்தில் மூன்று தடவை வந்தால் விளக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. நியூட்ரலை, அதாவது கரண்ட் திரும்பிப் போகிற வயரை, பார்க்கச் சொல்லுங்கள்.