பழைய எக்ஸ்கவேட்டரில் ஃபால்ட் கோடு வந்தால் எதை முதலில் பார்ப்பது?

ஃபால்ட் கோடு என்பது கோளாறு வந்தால் மானிட்டரில் தெரியும் எண். அது வந்ததும் போனில் தேடி, "ஆயில் பிரஷர் சென்சார்" என்று காட்டினால் உடனே புது சென்சார் வாங்கி மாட்டிவிடுகிறார்கள். அடுத்த நாளே அதே கோடு திரும்ப வந்து நிற்கும். எந்தப் பொருள் கெட்டுப்போனது என்று கோடு சொல்வதே இல்லை. எந்த சர்க்யூட்டில் கன்ட்ரோலர் (மெஷினின் கம்ப்யூட்டர்) எதிர்பார்க்காத வோல்டேஜோ கரண்டோ வந்தது என்றுதான் பெரும்பாலும் சொல்கிறது. கெட்டது சென்சாரா, ஒயரா, கனெக்டரா, எர்த்தா என்று அளந்து பார்த்துக் கண்டுபிடிப்பது நம் வேலை. அதற்கு ஒரு நல்ல மல்டிமீட்டரும், உங்கள் மாடலின் ஒயரிங் டயகிராமும், கொஞ்சம் பொறுமையும் போதும்.

கை வைக்கும் முன்

பக்கெட்டைத் தரையில் இறக்கி எஞ்சினை நிறுத்துங்கள். சாவியை ஆனில் வைத்து, சேஃப்டி லீவரை விடுவித்து, ஜாய்ஸ்டிக்குகளை எல்லாப் பக்கமும் சில முறை அசையுங்கள். அப்போதுதான் லைனில் தங்கியிருக்கும் பிரஷர் இறங்கும். பிறகு டேங்கின் பிரஷரையும் விடுங்கள். லீக் எங்கே என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது, அட்டையைப் பிடித்துப் பாருங்கள். ஊசித்துளை வழியாகப் பீய்ச்சும் ஆயில் தோலுக்குள் புகுந்தால் வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூட இருக்காது. ஆனாலும் அது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம்.

கோடை முழுதாக எழுதிக்கொள்ளுங்கள்

எதையும் அழிக்கும் முன் எல்லாக் கோடுகளையும் போட்டோ எடுத்து வையுங்கள். இப்போது இருக்கும் கோடு தனி, பழையதாகப் பதிவில் கிடக்கும் கோடு தனி. எத்தனை முறை வந்தது, எந்த ஹவர் மீட்டர் கணக்கில் வந்தது என்பதையும் பல மெஷின்கள் காட்டும். பழைய மெஷின் வாங்கப் போகிறவர்களுக்கு இது தங்கமான தகவல். பல ஆயிரம் மணி நேரம் ஓடிய மெஷினில் ஒரு பதிவுகூட இல்லை என்றால் யாரோ இப்போதுதான் அழித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள், ஆயில் நன்றாகச் சூடாகும்வரை வேலை செய்ய விட்டு மறுபடி பாருங்கள். கோடு பதிவான மணிக்கணக்கு இப்போதைய ஹவர் மீட்டரைவிட அதிகமாக இருந்தால் மானிட்டரையே மாற்றியிருக்க வாய்ப்பு உண்டு.

பல மெஷின்களின் எஞ்சின் கோடு இரண்டு பகுதியாக இருக்கும். எஸ்.பி.என் எண் எந்த சர்க்யூட் என்பதைச் சொல்லும்: 100 என்றால் எஞ்சின் ஆயில் பிரஷர், 110 என்றால் கூலன்ட் வெப்பம், 168 என்றால் பேட்டரி வோல்டேஜ். கூடவே வரும், கோளாறு எந்த வகை என்று சொல்லும் எஃப்.எம்.ஐ எண்ணைத்தான் பலர் கண்டுகொள்வதில்லை, ஆனால் எங்கே தேட வேண்டும் என்று சொல்வதே அதுதான். 3 என்றால் வோல்டேஜ் அதிகம், 4 என்றால் வோல்டேஜ் குறைவு, 5 என்றால் கரண்ட் குறைவு அல்லது ஒயர் அறுந்திருக்கிறது, 6 என்றால் கரண்ட் அதிகம் அல்லது எர்த்தில் இடிக்கிறது. 0 அல்லது 1 வந்தால் மட்டும் கதை வேறு: சிக்னல் சரியாகத்தான் வருகிறது, அளவுதான் எல்லை தாண்டுகிறது. 100-உடன் 1 வந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு முதலில் ஆயில் அளவைப் பாருங்கள், ஒயரை அப்புறம் பார்க்கலாம்.

பேட்டரியும் எர்த்தும்

ஒரே நேரத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலைந்து கோடுகள் வந்தால் முதல் சந்தேகம் இங்கேதான். 24 வோல்ட் மெஷினில் எஞ்சின் நின்றிருக்கும்போது சுமார் 25 வோல்ட்டும், ஓடும்போது 27.5 முதல் 28.5 வரையிலும் இருக்க வேண்டும். அப்புறம் ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயரைக் கழற்றி, பெயின்டும் துருவும் போகத் தேய்த்து மாட்டுங்கள்.

கன்ட்ரோலர்கள் ஒன்றோடொன்று பேசவில்லை என்ற கோடு வந்தால் பேட்டரியைத் துண்டித்துவிட்டு, அவை பேசிக்கொள்ளும் லைனான கேன் பஸ்ஸின் இரண்டு ஒயர்களுக்கு நடுவே ரெசிஸ்டன்ஸை அளந்து பாருங்கள். 60 ஓம் வந்தால் சரி. 120 வந்தால் ஒரு முனையின் ரெசிஸ்டர் போயிருக்கிறது, இல்லை நடுவில் ஒயர் அறுந்திருக்கிறது.

5 வோல்ட் தேடல்

பழைய மெஷினில் அதிகம் ஏமாற்றுவது இந்த இடம்தான். பிரஷர் சென்சார்களில் பெரும்பாலும் மூன்று ஒயர்: 5 வோல்ட் சப்ளை, எர்த், சிக்னல். ஒரே 5 வோல்ட் சப்ளையைப் பல சென்சார்கள் பகிர்ந்துகொள்ளும். அதில் ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனால் போதும், மற்ற சென்சார்களுக்கும் சேர்த்துக் கோடு கொட்டும். ஒரு கனெக்டரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, சப்ளை பின்னில் அளந்து பாருங்கள். 5-க்குப் பதில் 1 அல்லது 2 வோல்ட் காட்டினால் மீட்டரை அங்கேயே வைத்துக்கொண்டு மற்ற சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றச் சொல்லுங்கள். எதைக் கழற்றும்போது மீட்டர் 5-க்குத் தாவுகிறதோ அதுதான் குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றியும் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் ஒயரிங் எங்கோ உரசிக்கொண்டிருக்கிறது. பூம் அடிப்பகுதி, கேபின் தரைக்குக் கீழே, பம்ப் பக்கம் என்று அதிகம் அசையும், சூடாகும் இடங்களில் ஒயரைக் கையால் ஆட்டிப் பாருங்கள்.

ஹைட்ராலிக் பக்கம்

பம்ப் சாலினாய்டுக்கு (கரண்டால் வேலை செய்யும் வால்வு) எஃப்.எம்.ஐ 5 அல்லது 6 வந்தால் அது இன்னும் எலெக்ட்ரிக்கல் கோளாறுதான், அதற்காகப் பம்பைக் கழற்றாதீர்கள். அந்த சாலினாய்டின் காயிலின் ஓம் அளவை அதே பார்ட் நம்பர் உள்ள பக்கத்துக் காயிலோடு ஒப்பிடுங்கள், சந்தேகம் இருந்தால் இரண்டையும் இடம் மாற்றி மாட்டுங்கள். கோடும் கூடவே இடம் மாறினால் காயில், மாறாவிட்டால் ஒயரிங்.

உண்மையான ஹைட்ராலிக் தேய்மானத்துக்குப் பெரும்பாலும் கோடே வராது. மெஷின் மொத்தமும் மெதுவாக இருந்தால் எல்லாவற்றுக்கும் பொதுவானதைத் தேடுங்கள்: ஆயில் அளவு, பைலட் பிரஷர் (ஜாய்ஸ்டிக்கிலிருந்து வால்வுகளை இயக்கும் குறைந்த பிரஷர்), பம்ப் கன்ட்ரோல். ஒரே ஒரு வேலை மட்டும் மெதுவென்றால் அந்த சர்க்யூட்டோடு நில்லுங்கள். ஆயில் 50 டிகிரி பக்கம் வந்த பிறகு கேஜ் மாட்டிப் பாருங்கள். 20 டன் அளவு மெஷின்களில் பைலட் பிரஷர் பொதுவாக 40 பார் பக்கமும், மெயின் ரிலீஃப் (மெயின் லைனின் பிரஷர் எல்லையை வைக்கும் வால்வு) 340 முதல் 350 பார் பக்கமும் இருக்கும். சரியான எண்ணை உங்கள் மாடலின் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். பைலட்டுக்கான சின்ன கேஜை மெயின் லைனில் மாட்டினால் அது வெடிக்கும். பிரஷர் குறைந்தால் ரிலீஃப் வால்வை முறுக்க ஓடாதீர்கள், முதலில் ரிட்டர்ன் ஃபில்டரை அறுத்து விரித்துப் பாருங்கள். மடிப்புகளில் பித்தளை மினுமினுப்பு தெரிந்தால் பம்போ மோட்டாரோ உள்ளே தேய்ந்துகொண்டிருக்கிறது. அப்போது டேங்க், கூலர், லைன்கள் எல்லாவற்றையும் கழுவாமல் புதுப் பம்பை மாட்டினால் அதுவும் அதே துகள்களால் சீக்கிரமே போய்விடும்.