உறைபனி கண்ட்ரோலர்: டைமர், வாட்ச்டாக் ரெண்டையும் சரியா போடறது எப்படி

டிசம்பர், ஜனவரில நீலகிரில கேத்தி, தலைக்குந்தா பக்கமெல்லாம் விடியக்காலைல உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகிடும், அதனால குளிர் இறங்கறப்பவே தானா ஸ்பிரிங்ளரை ஓடவிடற மாதிரி அர்டுயினோ ஊனோல (நாமளே புரோகிராம் எழுதி ஓட்டற சின்ன எலெக்ட்ரானிக் போர்டு) ஒரு கண்ட்ரோலர் பண்ணலாம். ஆனா ராத்திரி 3 மணிக்கு அது ஹேங் ஆனா சரிவுல இறங்கிப்போய் ரீசெட் பட்டனை யாருங்க அமுக்குவாங்க? அதுக்குத்தான் இந்தப் பதிவு.

முதல்ல டைமர். சிப்புக்குள்ளயே தனியா எண்ணிட்டே இருக்கற கவுண்டர் இது, புரோகிராம் எந்த வேலைல இருந்தாலும் எண்ணிக்கை நிக்காது. ஊனோல இருக்கற ஏடிமெகா328பி சிப்புல இப்படி மூணு இருக்கு. டைமர்0 மில்லிஸ், டிலேன்னு நேரம் பாக்கற ஃபங்ஷன் ரெண்டுக்கும் வேணும், அதைத் தொடாதீங்க. டைமர்2 வெறும் 8 பிட், 255 வரைக்கும்தான் எண்ணும். நமக்கு 16 பிட் டைமர்1, இது 65535 வரைக்கும் போகும். (இதை எடுத்துட்டா செர்வோ லைப்ரரி ஓடாது, பின் 9, 10-ல பிடபிள்யூஎம்மும், அதாவது வேகமா ஆன்-ஆஃப் பண்ணி அளவைக் கூட்டிக் குறைக்கற வசதியும், கிடைக்காது.)

ஒரு செகண்டுக்கு ஒரு தடவை இன்டரப்ட் வேணும், அதாவது ஓடிட்டிருக்கற வேலையை நிறுத்தி ஒரு சின்ன ஃபங்ஷனை ஓடவிடற சிக்னல். கிளாக் 16 மெகாஹெர்ட்ஸ், பிரீஸ்கேலர் (கிளாக்கை வகுத்து மெதுவாக்கற எண்) 64 போட்டா செகண்டுக்கு 2,50,000, கவுண்டர்ல அடங்காது. 256 போட்டா 62,500, அடங்கும். எண்ணிக்கை 0-ல ஆரம்பிக்கறதால 62499-னு குடுக்கணும்.

செட்டப்ல (ஸ்டார்ட் ஆகறப்ப ஒரு தடவை மட்டும் ஓடற பகுதி) இந்த வரிசைல எழுதுங்க, பேரெல்லாம் டைமர்1-ஓட ரெஜிஸ்டர், பிட்டுங்கதான்:

டிசிசிஆர்1ஏ = 0, டிசிசிஆர்1பி = 0
டிசிஎன்டி1 = 0
ஓசிஆர்1ஏ = 62499
டிசிசிஆர்1பி-ல டபிள்யூஜிஎம்12 (62499 வந்ததும் 0-க்குத் திரும்ப), சிஎஸ்12 (பிரீஸ்கேலர் 256) பிட் ரெண்டும் 1
டிஐஎம்எஸ்கே1-ல ஓசிஐஇ1ஏ பிட் 1 (இன்டரப்ட் ஆன்)

முதல் வரியை விட்டுடாதீங்க, அர்டுயினோ ஏற்கனவே டைமர்1-ஐ பிடபிள்யூஎம் மோடுல வச்சிருக்கும், அழிக்காம எழுதினா கணக்கே மாறிப்போயிடும். இன்டரப்ட் ஃபங்ஷனுக்குள்ள ஒரு வாலடைல் ஃபிளாகை (இன்டரப்ட் மாத்தினாலும் லூப் சரியா பாக்கற ஆமா/இல்ல வேரியபிள்) ட்ரூ ஆக்கறதோட சரி, வேற எதுவும் வேண்டாம். திரும்பத் திரும்ப ஓடற லூப்ல அந்த ஃபிளாகைப் பாத்து, அதை அழிச்சு, டெம்பரேச்சர் படிச்சு, மோட்டாரை ஆன்-ஆஃப் பண்ணற ரிலேயை முடிவு பண்ணுங்க.

அடுத்தது வாட்ச்டாக். இதுவும் டைமர்தான், ஆனா தனியா 128 கிலோஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர்ல ஓடுது, மெயின் கிளாக் நின்னாலும் இது நிக்காது. குறிச்ச நேரத்துக்குள்ள நாம வாட்ச்டாக் ரீசெட் கால் (வாட்ச்டாக் எண்ணிக்கையை மட்டும் மறுபடி ஆரம்பிக்க வைக்கற கட்டளை) பண்ணலைன்னா சிப்பையே ரீஸ்டார்ட் பண்ணிடும். 16 மில்லிசெகண்ட்ல இருந்து 8 செகண்ட் வரைக்கும் வைக்கலாம், நான் 4 செகண்ட் வைக்கச் சொல்வேன், ஏன்னா டிஎஸ்18பி20 டெம்பரேச்சர் சென்சார் 12 பிட்ல படிக்கவே 750 மில்லிசெகண்ட் வரை எடுக்கும், அந்த ஆஸிலேட்டரும் அவ்வளவு துல்லியம் கிடையாது. செட்டப்போட முதல் வரிலயே ஆன் பண்ணிடுங்க, எல்சிடி டிஸ்ப்ளே ஸ்டார்ட் ஆகறப்ப மாட்டிக்கிட்டாலும் காப்பாத்தும்.

இப்ப சொல்றதுதான் ரொம்ப முக்கியம். வாட்ச்டாக் ரீசெட் காலை டைமர் இன்டரப்டுக்குள்ள போடவே போடாதீங்க! மஞ்சு இறங்கி வயர்ல ஈரம் ஏறி எல்சிடிக்குப் போற ஐ2சி லைன் (ரெண்டு வயர்ல டேட்டா அனுப்பற தொடர்பு) மாட்டிக்கிச்சுன்னா லூப் அங்கயே காத்துக்கிட்டு நிக்கும், இன்டரப்ட் மட்டும் செகண்டுக்கு ஒருதடவை வந்து "எல்லாம் நல்லாருக்கு"ன்னு சொல்லிட்டே இருக்கும், வாட்ச்டாக் இருந்தும் பிரயோஜனமில்ல. சென்சார் படிச்சு, ரிலே போட்டு, எல்சிடில எழுதி முடிச்ச பிறகு, அந்த ஃபிளாக் பிளாக்கோட கடைசி வரில மட்டும் ஒரே ஒரு கால். அப்பத்தான் டைமர் நின்னாலும் சரி, லூப் நின்னாலும் சரி, ரீசெட் வரும். சென்சார் வயர் அறுந்து -127 வந்தா அதுக்கு ரீசெட் மருந்தில்ல, அலாரம் அடிக்க விடுங்க.

பழைய பூட்லோடர் (போர்டு ஸ்டார்ட் ஆகறப்ப முதல்ல ஓடற சின்ன புரோகிராம்) இருக்கற அர்டுயினோ நானோ போர்டா இருந்தா கவனம், வாட்ச்டாக் ரீசெட்டுக்கு அப்புறம் அது மறுபடி மறுபடி ரீசெட் ஆகிட்டே கிடக்கும். ஊனோல இந்தத் தொல்லை இல்ல.

தோட்டத்துக்குக் கொண்டுபோறதுக்கு முன்னாடி வீட்டுலயே டெஸ்ட் பண்ணுங்க. ஒரு பட்டனை அமுக்கினா முடிவில்லாத வைல் லூப்புக்குள்ள போற மாதிரி எழுதி, செட்டப்ல பின் 13 எல்ஈடியை ஒருதடவை மின்ன விடுங்க. பட்டன் அமுக்கி ஒரு 4 செகண்ட்ல எல்ஈடி மின்னணும்.

அப்படியே ரிலேயையும் பாருங்க. ரீசெட் ஆன நொடில பின் எல்லாம் இன்புட் ஆயிடும், மோட்டார் நின்னுடும். உறைபனி நேரத்துல பாதில தண்ணி நின்னா நனைஞ்ச இலைல ஈரம் ஆவியாகி இன்னும் குளிரும், சேதம் அதிகமாகும். அதனால செட்டப்ல வாட்ச்டாக் ஆன் பண்ணின கையோட டெம்பரேச்சரைப் படிச்சு ரிலேயைப் போட்டுடுங்க, எல்சிடி அதுக்கப்புறம் வரட்டும்.