பழைய பத்மினி கார் கரும்புகை விடுகிறதா? ரிச்சாக ஓடும் இன்ஜினைச் சோதிக்கும் முறை

சைலன்சரில் கரும்புகை, வண்டிக்குள் பெட்ரோல் வாடை, மைலேஜ் பாதியாகக் குறைவு. இன்ஜின் ரிச்சாக, அதாவது காற்றோடு பெட்ரோல் அளவுக்கு மேல் கலந்து, ஓடுகிறது என்பதற்கு இவைதான் அடையாளம். பத்மினி, அம்பாசடர் வைத்திருக்கும் புதியவர்கள் இதைக் கண்டதும் ஸ்குரூடிரைவரோடு, காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டரிடம் போய்விடுகிறார்கள். தயவுசெய்து அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். வண்டி ரிச்சாக ஓடினால் காற்று குறைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பெட்ரோல் கூடியிருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

முதலில் புகையின் நிறம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் தண்ணீர் உள்ளே போகிறது. கறுப்பு மட்டுமே நம் கணக்கில் வரும்.

அடுத்து ஸ்பார்க் பிளக். ரிங் ரோட்டில் பத்து கிலோமீட்டர் ஒரே சீராக ஓட்டி, ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காத ஓட்டத்தில்) விடாமல் ஓரங்கட்டி உடனே இன்ஜினை அணையுங்கள். ஆறியதும் நான்கு பிளக்கையும் கழற்றி, எது எந்த சிலிண்டருடையது என்று மாறாமல் வரிசையாக வையுங்கள். முனை இளம்பழுப்பாக இருந்தால் நலம். விரலில் ஒட்டும் உலர்ந்த கரி படிந்திருந்தால் ரிச். ஈரமாக மினுமினுத்தால் அது ஆயில். நான்கும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் கோளாறு ஏர் ஃபில்டர், சோக் (குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் கலவையை ரிச்சாக்கும் அமைப்பு), கார்புரேட்டர் பக்கம். ஒன்று மட்டும் கறுத்திருந்தால் கார்புரேட்டரைத் தொடவே வேண்டாம். நான்குக்கும் ஒரே கார்புரேட்டர்தானே பெட்ரோல் தருகிறது? அந்த ஒரு பிளக்கையும் அதன் வயரையும் பாருங்கள்.

ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் இன்ஜினை ஓடவிடுங்கள். புகை குறைந்தால் ஃபில்டர்தான் காரணம். மேலூர்ப் பக்கம் கல் லாரிகளுக்குப் பின்னால் அடிக்கடி போகிறவர்கள் இதை முதலில் சந்தேகப்படலாம். ஃபில்டர் இல்லாமல் மட்டும் ரோட்டுக்குப் போகாதீர்கள்.

சோக் குமிழை உள்ளே தள்ளினால் போதாது. பானெட்டைத் திறந்து, கார்புரேட்டரில் இருக்கும் லீவர் முழுக்கத் திரும்பி உட்காருகிறதா என்று பாருங்கள். பழைய கேபிள் துருப்பிடித்துப் பாதியில் நின்றுவிடும்.

இவ்வளவும் சரி என்றால், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையான ஃப்ளோட். இன்ஜினை அணைத்த பிறகு கார்புரேட்டர் வாய்க்குள் டார்ச் அடியுங்கள். பெட்ரோல் சொட்டினால், பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் நீடில் வால்வு மூடவில்லை, அல்லது ஃப்ளோட் ஓட்டையாகிவிட்டது. ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டினால், ஓட்டை வழியே உள்ளே போன பெட்ரோல் சலசலப்பது கேட்கும். பித்தளை ஃப்ளோட்டை ஈயம் வைத்து அடைத்தால் எடை கூடி, பெட்ரோல் மட்டம் இன்னும் ஏறும். புதிது போடுவதே நல்லது. பக்கத்தில் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது.

பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளையுள்ள ஜெட்டைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, நிரந்தரமாக ரிச்சாகிவிடும்.

ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை ஒருமுறை முகர்ந்து பாருங்கள். ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தால் வண்டியை ஓட்ட வேண்டாம். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவி பிஸ்டன் ரிங்கைத் தேய்த்துவிடும். பெட்ரோல் பம்ப் டயஃப்ரம் கிழிந்திருந்தாலும் ஆயிலில் பெட்ரோல் கலக்கும். கோளாறைச் சரிசெய்ததும் ஆயிலை மாற்றியே ஆக வேண்டும்.

இப்போது மிக்ஸர் ஸ்குரூ, அதாவது கார்புரேட்டரில் கலவையைச் சரிசெய்யும் திருகு. இன்ஜின் நன்றாகச் சூடாகி, சோக் குமிழ் முழுக்க உள்ளே போய் சோக் வேலை செய்யாமல் இருக்க வேண்டும். சோலெக்ஸ் கார்புரேட்டரில் மெதுவாக உள்ளே திருகுங்கள். இன்ஜின் தடுமாறும் இடத்திலிருந்து, சீராகும் வரை சிறிது வெளியே எடுங்கள். இது ஐடிலுக்கு மட்டும்தான். வேகத்தில் வரும் கரும்புகை இதில் தீராது.

கொடைக்கானலில் மட்டும் புகைந்தால் எதையும் திருகாதீர்கள். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் எந்தக் கார்புரேட்டர் வண்டியும் கொஞ்சம் ரிச்சாகத்தான் ஓடும். அங்கே பெட்ரோலைக் குறைத்துவிட்டு வத்தலக்குண்டு இறங்கினால், மதுரை வெயிலில் லீனாக (பெட்ரோல் போதாமல்) ஓடி இன்ஜின் கொதிக்க ஆரம்பித்துவிடும்.