ஹோம் அசிஸ்டன்ட் பட்டியலில் இல்லாத கேமராவை உள்ளே கொண்டுவருவது எப்படி?

போன வருஷம் வாசலுக்கென்று ஒரு வைஃபை கேமரா வாங்கினேன். விலை குறைவு, படமும் பளிச்சென்று இருந்தது, ஆனால் தன் சொந்த ஆப்பைத் தவிர வேறு எதிலும் அது படம் காட்டாது என்று பெட்டியில் எங்கும் போடவில்லை. வீட்டில் விளக்கு, ஃபேன், கேட் சென்சார் எல்லாம் ஹோம் அசிஸ்டன்ட்டில் (வீட்டுச் சாதனங்களை ஒரே இடத்திலிருந்து இயக்கும் மென்பொருள்) ஓடுகின்றன, கேமரா மட்டும் தனிக்குடித்தனம். ஹோம் அசிஸ்டன்ட்டில் அந்த பிராண்டின் பெயரைத் தேடினால் ஒன்றும் வரவில்லை. இந்த இடத்தில்தான் நிறைய பேர் கேமராவைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள், பெயர் பட்டியலில் இல்லாத கேமராவையும் பெரும்பாலும் இணைத்துவிடலாம்.

காரணம், பிராண்ட் எதுவானாலும் உள்ளே இரண்டு பொது மொழிகளில் ஒன்றாவது இருக்க வாய்ப்பு உண்டு. ஒன்று ஆர்டிஎஸ்பி, 1998-லேயே வந்த பழைய ஆள், வீடியோவை நெட்வொர்க்கில் கேட்டு வாங்குவதற்கான முறை. இன்னொன்று ஆன்விஃப், 2008-ல் ஆக்சிஸ், பாஷ், சோனி மூன்றும் சேர்ந்து தொடங்கியது. கேமராவைக் கண்டுபிடிப்பது, திருப்புவது, ஆள் அசைந்தால் சொல்வது எல்லாம் அதன் வேலை. அதிலும் படம் கடைசியில் ஆர்டிஎஸ்பி வழியாகத்தான் வரும்.

முதலில் கேமராவின் ஆப்பைத் திறந்து செட்டிங்ஸில் ஒரு மூலை விடாமல் தேடுங்கள். ஆன்விஃப், ஆர்டிஎஸ்பி, 'கேமரா அக்கவுண்ட்' என்று ஏதாவது ஒரு பெயரில் அது ஒளிந்திருக்கும். பல கேமராக்களில் இது ஆஃப் நிலையில் வரும், ஆன் செய்யும்போது தனியாக ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். இது ஆப்பில் நுழையும் பாஸ்வேர்டு இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு நான் ஒரு சாயங்காலத்தையே தொலைத்தேன். பாஸ்வேர்டில் @ போன்ற குறிகள் வேண்டாம், முகவரிக்குள் அது வந்தால் எல்லாம் உடையும் (ஏற்கெனவே வைத்துவிட்டீர்கள் என்றால் முகவரியில் அதற்குப் பதில் %40 போடுங்கள்). பேட்டரியில் ஓடும் கேமரா என்றால் பெரும்பாலும் இந்த வசதி இருக்காது. சார்ஜ் தீராமல் இருக்க அது எப்போதும் தூங்கிக்கொண்டிருக்கும், நாம் கேட்டதும் படம் தராது.

அடுத்து ரவுட்டர் பக்கத்துக்குப் போய் அந்தக் கேமராவுக்கு ஒரே ஐபி முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் இன்று வேலை செய்யும், ரவுட்டர் ஒருமுறை அணைந்து எழுந்ததும் கேமரா வேறு முகவரிக்குப் போயிருக்கும்.

இப்போதுதான் முக்கியமான இடம். ஹோம் அசிஸ்டன்ட்டைத் தொடாதீர்கள். கணினியில் விஎல்சி பிளேயரைத் திறந்து, மீடியா மெனுவில் 'ஓப்பன் நெட்வொர்க் ஸ்ட்ரீம்' போய், இந்த அமைப்பில் முகவரியைக் கொடுங்கள், எல்லாம் ஆங்கில எழுத்தில்:

ஆர்டிஎஸ்பி://பயனர்பெயர்:பாஸ்வேர்டு@192.168.1.60:554/பாதை

192.168.1.60 இருக்கும் இடத்தில் நீங்கள் கேமராவுக்கு ஒதுக்கிய ஐபி முகவரி வரும். 554 என்பது வழக்கமான போர்ட், அதாவது கேமராவுக்குள் நுழையும் வாசல் எண். கடைசியில் வரும் பாதைதான் பிராண்டுக்கு பிராண்ட் மாறும். டாப்போவில் ஸ்ட்ரீம்1, ஸ்ட்ரீம்2. ஹிக்விஷனில் 'ஸ்ட்ரீமிங்', 'சேனல்ஸ்', 101 மூன்றையும் சாய்கோடு போட்டுச் சேர்க்க வேண்டும், சிறிய படத்துக்கு 102. பெயர் தெரியாத கேமரா என்றால் மாடல் எண்ணோடு ஆர்டிஎஸ்பி என்று சேர்த்துத் தேடுங்கள், யாராவது ஒருவர் நமக்கு முன்னால் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார். விஎல்சியில் படம் வரும்வரை மேலே போக வேண்டாம். இங்கே வராத படம் அங்கேயும் வராது, அங்கே போய்த் தேடினால் எது பிழை என்றே புரியாது.

படம் வந்துவிட்டதா? சரி, இனி பாதி வேலைதான். ஹோம் அசிஸ்டன்ட்டில் 'செட்டிங்ஸ்', 'டிவைசஸ் அண்ட் சர்வீசஸ்', 'ஆட் இன்டக்ரேஷன்' போய் முதலில் ஆன்விஃப் முயன்று பாருங்கள். அதன் போர்ட் 554 இல்லை. 80, 8000, 8899 இப்படி ஏதாவது இருக்கும், டாப்போவுக்கு 2020. அது சேர்ந்துவிட்டால் கேமரா அனுமதிக்கும் அளவுக்கு அசைவு சென்சாரும் கூடவே வரும். சேரவில்லையா, 'ஜெனரிக் கேமரா'வைத் தேர்ந்தெடுத்து விஎல்சியில் ஓடிய அதே முகவரியை 'ஸ்ட்ரீம் சோர்ஸ்' என்ற இடத்தில் ஒட்டுங்கள். படம் மட்டும் வரும், சென்சார் வராது, வாசலைப் பார்க்க அது போதும்.

சேர்ந்த பிறகு திரை கறுப்பாக இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எச்.265 என்ற வீடியோ சுருக்கும் முறை. விஎல்சி அதை அலட்டாமல் ஓட்டும், பல பிரவுசர்கள் ஓட்டாது. கேமரா செட்டிங்ஸில் எச்.264-க்கு மாற்றிவிடுங்கள், அந்த வசதி இல்லையென்றால் சப்ஸ்ட்ரீமை, அதாவது முன்னே சொன்ன சிறிய படத்தை, முயன்று பாருங்கள். படம் பல நொடி தாமதமாக வருகிறது என்றால் ஹோம் அசிஸ்டன்ட் பழைய பதிப்பா என்று பாருங்கள், 2024 நவம்பர் பதிப்பிலிருந்து கோடூஆர்டிசி என்ற கருவி உள்ளேயே வருகிறது, தாமதம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறையும்.

அப்புறம், கேமராவுக்கு இனி இணையம் எதற்கு? 2016-ல் மிராய் என்ற வைரஸ் கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்ததைப் பயன்படுத்தித்தான் உள்ளே புகுந்தது. வெளியிலிருந்து பார்க்கலாம் என்று ரவுட்டரில் 554-ஐத் திறந்துவிடாதீர்கள். நான் ரவுட்டரின் 'பேரன்டல் கன்ட்ரோல்' வழியாகக் கேமராவின் இணையத்தையே வெட்டிவிட்டேன். கேமராவின் சொந்த ஆப் அதோடு படுத்துவிட்டது, எனக்குக் கவலையில்லை.

ஆனால் ஒரு மாதம் கழித்து கரண்ட் போய் வந்த ஒரு காலையில் ஆன்விஃப் 'பாஸ்வேர்டு தப்பு' என்றது. அதே பாஸ்வேர்டில் விஎல்சி ஓடுகிறது! அரை மணி நேரம் முழித்த பிறகுதான் படத்தின் மூலையில் இருந்த தேதியைப் பார்த்தேன்: 1970 ஜனவரி 1. இணையம் இல்லாததால் கேமராவுக்கு மணி தெரியவில்லை, ஆன்விஃப் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும்போது நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடும், ஆர்டிஎஸ்பிக்கு அந்தக் கவலை கிடையாது. கேமராவின் 'டைம் சர்வர்' இடத்தில் ரவுட்டரின் முகவரியைக் கொடுத்தேன், எங்கள் ரவுட்டர் நேரம் சொல்லும். உங்களுடையது சொல்லாவிட்டால் ஹோம் அசிஸ்டன்ட்டில் குரோனி என்ற, நேரம் சொல்லும் துணைச் செயலியைப் போட்டு அந்தக் கணினியின் முகவரியைக் கொடுங்கள்.