கைரேகை வராத கோபாலிமர் படலம்: என் அனுபவம்

பிஎஸ் (பாலிஸ்டைரீன்), பிஎம்எம்ஏ என்ற இரண்டு பாலிமர் சங்கிலிகள் முனையோடு முனை இணைந்த பிளாக் கோபாலிமரை சிலிக்கான் வேஃபரில் (மெல்லிய தகட்டில்) ஸ்பின் கோட்டிங் செய்து, அதாவது சுழற்றி மெல்லிய படலமாகப் பூசி, வெற்றிடத்தில் 230 டிகிரி செல்சியஸில் அனீல் செய்தால் (சூட்டில் வைத்தால்), எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கைரேகை மாதிரி கோடுகள் தெரிய வேண்டும். கிடைத்ததோ, சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே தெரியும் தீவுகளும் குழிகளும். பிஎஸ்ஸும் பிஎம்எம்ஏவும் தனித்தனியாகப் பிரிந்து உருவாக்கும் அடுக்குகள் நிமிர்ந்து நிற்காமல் படுத்துவிட்டன என்று அர்த்தம்; வேஃபரின் மேலுள்ள ஆக்சைடு பரப்புக்கு பிஎம்எம்ஏ மேல்தான் பிரியம். அதைத் தடுக்கத்தான் அடியில் ரேண்டம் கோபாலிமர் பிரஷ் போடுகிறோம்; அது பரப்பில் ஒரு முனையால் ஒட்டி நிற்கும் பாலிமர் சங்கிலிகளின் மெல்லிய அடுக்கு, இரண்டு பாலிமர்களையும் சமமாக ஏற்கும்.

சரி, பிரஷ்ஷையே சோதிப்போம் என்று ஒட்டாததைக் கரைத்து எடுக்கும் டொலுயீனில் கழுவி, படலத் தடிமனை ஒளியால் அளக்கும் எலிப்சோமீட்டரில் அளந்தேன். 2 நானோமீட்டர்கூட இல்லை, ஒட்டவே இல்லை! அப்புறம் வேஃபரை ஆக்சிஜன் பிளாஸ்மாவில் சுத்தம் செய்து, பிரஷ் அனீலிங்கை இரவு முழுக்க நீட்டினேன். கழுவிய பிறகும் 6 நானோமீட்டர் நின்றது. அதன்மேல் பூசிய படலத்தில் கோடுகள் பளிச்சென்று வந்தன. படலத்தின் தடிமனோடு மல்லுக்கட்டுவதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.