தொல்லை தரும் நடத்தையை உளப்பகுப்பாய்வு வழியில் அணுகும் முறை

வகுப்பில் பிறருடைய பென்சில்களை எடுத்துக்கொண்டே இருக்கும் ஒரு சிறுவன் ஆற்றுப்படுத்துநரிடம் அனுப்பப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். எடுத்தவற்றை அவன் பயன்படுத்துவதில்லை. அவை பையின் அடியில் கூர் சீவப்படாமலே கிடக்கின்றன. ஏன் எடுத்தாய் என்று கேட்டால், "தெரியாது" என்கிறான். இந்தப் பதிலைப் பொய்யென்று தள்ளாமல், உண்மையாகவே அவனுக்குத் தெரியாது என்று எடுத்துக்கொள்வதிலிருந்துதான், ஒருவர் தாமே அறியாத மன ஓட்டங்களைத் தேடும் உளப்பகுப்பாய்வு தொடங்குகிறது. நினைவுக்குக் கொண்டுவர முடியாததை மனிதர் தம்மை அறியாமலே செயலாகத் திரும்பச் செய்கிறார் என்று இம்முறையை உருவாக்கிய சிக்மண்ட் ஃபிராய்ட் 1914இல் எழுதினார்.

ஆகவே காரணத்தைத் தேடி ஓடாமல், முதல் சில வாரங்கள் குறிப்பெடுங்கள். செயல் எந்த நாளில் நடந்தது, அதற்குச் சற்று முன் யார் வந்தார், யார் பிரிந்து போனார், பிடிபட்டபின் அவன் முகம் எப்படி இருந்தது என்பவையே பயன்படும் விவரங்கள். தாய் வெளியூர் செல்லும் வாரங்களில் மட்டும் பென்சில்கள் காணாமல் போகின்றன என்பது இப்படித்தான் கண்ணில் படும். திருடும் குழந்தை பொருளைத் தேடவில்லை, தான் உரிமை கொண்டாடக்கூடிய ஒரு தாயைத் தேடுகிறது என்றார் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட். அந்தச் செயலில் நம்பிக்கையின் அடையாளத்தையும் அவர் கண்டார்.

இதைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் உடனே அவனிடம் சொல்லிவிடாதீர்கள். உறவு வேரூன்றுமுன் விளக்கத்தைத் திணிப்பதை 1910இலேயே ஃபிராய்ட் கண்டித்திருக்கிறார். புதியவர்கள் இன்றும் அதிகம் செய்யும் பிழை இதுதான் என்பேன். அதற்குப் பதிலாக, சந்திப்பை ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே அறையில் நடத்துங்கள். சட்டகம் எனப்படும் இந்த ஏற்பாடு நிலையாக இருந்தால்தான், உங்கள் மேசையிலிருந்தே ஒரு பென்சில் மறையும்போது அதற்குப் பொருள் கிடைக்கும். பழைய உறவின் உணர்ச்சிகள் இப்போது உங்கள்மீது திரும்பியிருக்கின்றன. இதையே உணர்வு மாற்றம் என்கிறார்கள். உங்களுக்குள் எழும் எரிச்சலையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அதுவும் அவன் உங்களிடம் எழுப்பிய ஒன்றாக இருக்கலாம். பேசும் வேளை வரும்போது ஒரே வாக்கியம் போதும்: "போன வாரம் நான் வராதது உனக்குக் கோபமாக இருந்திருக்குமோ?" அவன் மறுத்தால் வற்புறுத்த வேண்டாம்.

தற்கொலை எண்ணமோ பிறருக்கு ஆபத்தோ தென்பட்டால் பொருள் தேடுவதை நிறுத்திவிட்டு, பாதுகாப்பையும் மனநல மருத்துவரையும் முதலில் நாடுங்கள். தாயைக் குற்றவாளியாக்கவும் வேண்டாம். ஆட்டிசத்துக்குத் தாயின் பாசக்குறைவே காரணம் என்று இத்துறையில் சிலர் ஒரு காலத்தில் சொன்னது தவறு என்பது உறுதியாகிவிட்டது.

சந்திப்புகள் முடியும் தேதியைப் பல வாரங்கள் முன்பே சொல்லிவிடுங்கள். அப்போது பென்சில்கள் மீண்டும் காணாமல் போகத் தொடங்கலாம். சிகிச்சை தோற்றுவிட்டதென்று பதற வேண்டியதில்லை. இன்னொருவர் தன்னை விட்டுப் போகிறார், ஆனால் இம்முறை அதைப் பற்றி அவரிடமே பேச அவனுக்குச் சில வாரங்கள் இருக்கின்றன.